பரீட்சைய மொதல்ல மாத்துங்க: விஸ்காம் பாடத்திட்டக் குழுவுக்கு பாண்டியிலேருந்து ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவுல இருக்கற பேராசிரியர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

கிராஃபிக் டிசைன், விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்), மல்டிமீடியா, என்ன பேர்ல வேணா நடக்கட்டும், பாண்டியிலயும் கடலூர் மாவட்டத்துலயும் டிசைன் பாடம் நடத்தற காலேஜுங்களுக்கு சிலபஸ் போட்டுக் குடுக்கறவங்க நீங்க, அதனால உங்களுக்குத்தான் எழுதறேன். தனியா ஒரு யுனிவர்சிட்டிய குறி வெச்சு எழுதல, பேரும் சொல்லப் போறதில்ல, ஏன்னா எங்கிட்ட வேலைக்கு வர்ற பசங்க பல எடத்துலேருந்து வர்றாங்க, எல்லாரோட நோட்டும் கிட்டத்தட்ட ஒரே நோட்டாதான் இருக்கு.

நான் மிஷன் வீதிய ஒட்டி ஒரு சந்துல சின்னதா டிசைன் கடை வெச்சிருக்கேன். போர்டுல ஸ்டுடியோன்னு போட்டிருக்கும். காலைல ஒரு ஓட்டலுக்கு மெனு கார்டு, மதியானம் பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கு பாக்கெட், சாயங்காலம் ஒரு கிளினிக் வெப்சைட்டுக்கு பேனர், நடுவுல யாராவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டு வந்து நிப்பாங்க, அவங்கள உக்காருங்கன்னு சொல்ல முடியாது, மத்த எல்லாத்தையும் ஓரம் கட்டிட்டு அத முடிச்சுக் குடுக்கணும். பேஜ்மேக்கர்னு பக்கம் வடிவமைக்கற பழைய சாஃப்ட்வேர் இருந்த காலத்துலேருந்து இந்தத் தொழில்ல இருக்கேன். வருஷா வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு பசங்க வருவாங்க, நெல்லிக்குப்பம், பாகூர், வில்லியனூர், கடலூர் முதுநகர்னு பஸ் புடிச்சு வர்ற பசங்க. தெறமைக்கு கொறச்சலே இல்ல. கண்ணு நல்லா இருக்கு, கை வேகமா இருக்கு, யூட்யூப் பாத்து நாங்க ஒரு மாசத்துல கத்துகிட்டத ராத்திரியோட ராத்திரியா கத்துகிட்டு வந்துடறாங்க. அப்படிப்பட்ட பசங்கள மூணு வருஷம் கையில வெச்சிருந்து நீங்க என்ன செஞ்சீங்கங்கறதுதான் என் கேள்வி.

வர்றவங்க போர்ட்ஃபோலியோவ, அதாவது செஞ்ச வேலைய சேத்து வெச்ச ஃபைல, தொறந்தா ஒரு காபி கம்பெனிக்கு புது லோகோ, ஒரு ஷூ போஸ்டர், ஒரு ஹெட்போன் விளம்பரம். எல்லாம் அழகா இருக்கும், எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், எல்லாத்துக்கும் நிஜப் பொருள் மேல அச்சடிச்ச மாதிரி காட்டற ஒரு மாக்கப் போட்டு நிழலெல்லாம் விழற மாதிரி வெச்சிருப்பாங்க. பாண்டியிலயே பொறந்து பாண்டியிலயே படிச்ச புள்ளையோட ஃபைல்ல ஒரு வரி தமிழ் இருக்காது. ஏன்மான்னு கேட்டா, சார் தமிழ் ஃபான்ட் நல்லா இருக்காது சார்னு சொல்லும். அது அந்தப் புள்ள கண்டுபுடிச்ச பதில் இல்ல, கிளாஸ்ல யாரோ சொன்னது.

நான் ஒரு சின்ன வேலை குடுத்துப் பாப்பேன். ஒரு பிட் நோட்டீஸ். மேட்டர் பாதி வாட்சாப்ல யூனிகோட்ல, அதாவது எல்லா கம்ப்யூட்டரும் போனும் படிக்கற பொது எழுத்துக் கோடுல இருக்கும், மீதி ஒரு பழைய பிரஸ் ஃபைல்ல பாமினிங்கற ஃபான்ட்ல இருக்கும். ரெண்டையும் ஒரே பக்கத்துல சேக்கணும், அவ்ளோதான். இதுலயே முக்காவாசிப் பேரு நின்னுடறாங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுங்கள்ல உள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்தோட கோடு, வெளிய மட்டும்தான் தமிழ் உருவம், அதனால ஃபான்ட்ட மாத்துன உடனே மொத்த பாராவும் புரியாத இங்கிலீஷா கொட்டிடும்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல. அப்படி டைப் பண்ண தமிழ சர்ச் பண்ணா கெடைக்காது, கண்ணு தெரியாதவங்க வெச்சிருக்கற ஸ்கிரீன் ரீடர் படிக்காது, வெப்சைட்ல போட்டா குப்பையா தெரியும். யூனிகோட் 1991ல வந்தப்பவே அதுல தமிழ் இருக்கு, 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் தமிழுக்குன்னே செஞ்ச டேஸ்16ங்கற எழுத்துக் கோடையும் ஸ்டாண்டர்டா அறிவிச்சாச்சு, ஆனா பிரஸ்ஸுங்கள்ல இன்னைக்கும் பாமினி உசுரோட இருக்கு, அது இப்பத்திக்கு போகாது. ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள்தான் எங்களுக்கு வேணும்.

அடுத்தது கம்போசிங். பக்கம் வடிவமைக்கற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட் ரெடி கம்போசர்ங்கற செட்டிங்குக்கு மாத்த மறந்தா கொம்பு எடம் மாறி நிக்கும், துணைக்கால் தனியா தொங்கும். சரி அது செட்டிங், அஞ்சு நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடலாம். சொல்லிக் குடுக்க நாளாகற விஷயம் வேற ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல தலைப்ப எடுப்பா காட்டணும்னா எல்லாத்தையும் கேப்பிடல்ல போடலாம், ஒரு வார்த்தைய சாச்சு இட்டாலிக்ல போடலாம், எழுத்துக்கு நடுவுல எடைவெளி விட்டு ஸ்டைலா நீட்டலாம். தமிழ்ல கேப்பிடல் கெடையாது. இட்டாலிக் நம்ம மரபுலயே கெடையாது, சாஃப்ட்வேர்ல பட்டன் இருக்குன்னு தட்டுனா எழுத்து சரிஞ்சு விழற மாதிரி இருக்கும். எடைவெளி விட்டா சில சாஃப்ட்வேர்ல 'கொ'ல இருக்கற கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு போகும், படிக்கறவன் 'கெ'ன்னு ஆரம்பிச்சு நடுவுல முழிப்பான். அப்ப தமிழ்ல எது பெருசு எது சின்னதுன்னு எத வெச்சு காட்டறது? கனம், அளவு, எடம், நிறம், சுத்தி விடற வெள்ளை. இத ஒரு செமஸ்டர் முழுக்க செஞ்சு பாத்தாதான் கைக்கு வரும். மேல இகரக் கொக்கி, கீழ உகரச் சுழின்னு எழுத்து ரெண்டு பக்கமும் நீளறதால வரிக்கு வரி எடைவெளி இங்கிலீஷவிட கூட வேணும். 'கொண்டாடப்படுகிறது'ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா ஒடுக்கமான பத்தியில ரெண்டு ஓரமும் சமமா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை பண்ணவே முடியாது, ஒரு வரியில ரெண்டே வார்த்தை நின்னு நடுவுல வெள்ளை எடம் ஆறா ஓடும், அப்ப எடதுபக்கமா தட்டி விட்டுடணும்னு தெரியணும்.

தமிழ் ஃபான்ட் நல்லா இருக்காதுங்கறதும் இப்ப உண்மை இல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கு, முக்த மலர் இருக்கு, கட்டமரான், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, 2022ல வந்த அனெக் தமிழ் வரைக்கும் எல்லாம் ஓபன் லைசென்ஸ், காசு குடுக்க வேணாம், கடைக்கும் யூஸ் பண்ணலாம் பத்திரிக்கைக்கும் யூஸ் பண்ணலாம். இதுல எது உள் மேட்டருக்கு, எது தலைப்புக்கு, எது சின்ன சைஸ்ல அடைச்சுக்கும்னு ஒரு புள்ளையாச்சும் பிரிண்ட் எடுத்து ஒப்பிட்டுப் பாத்திருக்கான்னு கேளுங்க. இங்கேருந்து தெக்க தரங்கம்பாடில 1700களோட ஆரம்பத்துலயே தமிழுக்கு அச்செழுத்து இருந்துச்சு, காகிதம் பத்தலன்னு எழுத்த இன்னும் சின்னதா வார்த்து 1715ல புதிய ஏற்பாடு அச்சடிச்சாங்க. 1978ல எழுத்து சீர்திருத்தம் வந்து ணை, லை, றா, னா உருவமெல்லாம் மாறுச்சு. டைப்போகிராஃபி ஹிஸ்டரின்னு ஒரு யூனிட் வெச்சிருக்கீங்களே, அதுல ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் வருது, ரொம்ப சரி, வரட்டும், கூடவே காரைக்காலுக்கு கொஞ்சம் முன்னாடியே இருக்கற அந்த ஊரும் வந்தா என்ன கொறஞ்சு போகும்?

அதுலயும் பாண்டிக்குன்னு ஒரு தனி விசேஷம் இருக்கு, அத யாரும் சிலபஸ்ல எழுதி நான் பாத்ததில்ல. யூனியன் பிரதேசம் முழுக்க ஒரு அரசு போஸ்டர் போகணும்னா இங்கயும் காரைக்காலுக்கும் தமிழ், மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்கு தெலுங்கு, எல்லாத்துக்கும் பொதுவா இங்கிலீஷ். ஒயிட் டவுன்ல நடந்தா தெருப்பலகை நீலத்துல தமிழும் பிரெஞ்சும் சேந்து நிக்குது. ஒரே லேஅவுட்ல நாலு எழுத்து ஒக்காரணும், எதுவும் எதுக்கும் கீழ்ப்பட்டு தெரியக் கூடாது. தெருவுல பத்து அடி கடலூர் பக்கம் போனா தமிழ்நாட்டு விதி, கடை போர்டுல தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி 5:3:2ன்னு இருக்கணும்பாங்க, அதுவும் டிசைன் கணக்குதானே. வெளிநாட்டு யுனிவர்சிட்டியில பல எழுத்து டைப்போகிராஃபின்னு தனி படிப்பே நடத்தறாங்க. நமக்கு அது வாசல்ல கெடக்கு, நாம ஹெட்போன் விளம்பரம் பண்ணிகிட்டு இருக்கோம்.

இப்ப பாக்கெட்டுக்கு வர்றேன். நம்ம பக்கம் டிசைன் வேலையில நிரந்தரமா காசு வர்ற எடம்னா அது லேபிளும் பாக்கெட்டும்தான். முந்திரி, கடலை மிட்டாய், மரச்செக்கு எண்ணெய், மசாலாப் பொடி, சோப்பு, ஊதுவத்தி, கருவாடு கூட இப்ப பிராண்ட் போட்டு பாக்கெட்ல வருது. இதுக்கு டிசைன் பண்றவங்களுக்கு அழகு மட்டும் தெரிஞ்சா பத்தாது. 2011 பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் விதிப்படி தயாரிப்பாளர் பேரு, விலாசம், நிகர எடை, எல்லா வரியும் சேத்த எம்ஆர்பி, மாசம் வருஷம், கஸ்டமர் கேர் எல்லாம் இருக்கணும், எழுத்தோட உயரம் எத்தன மில்லிமீட்டர்ங்கற வரைக்கும் கணக்கு இருக்கு. அந்த விவரமெல்லாம் இந்தி இல்லன்னா இங்கிலீஷ்ல கட்டாயம் இருக்கணும், தமிழ் அதுக்கு மேல சேத்துக்கலாம்னு விதி சொல்லுது, அது சரியா தப்பான்னு நாம தனியா சண்ட போட்டுக்கலாம், ஆனா தெரியாம தமிழ்ல மட்டும் போட்டு பத்தாயிரம் கவர் அடிச்சுட்டா நஷ்டம் யாருக்கு? சாப்பாட்டு பொருள்னா உணவு பாதுகாப்பு ஆணையத்தோட எஃப்எஸ்எஸ்ஏஐ 14 இலக்க நம்பர், சைவத்துக்கு பச்ச சதுரத்துக்குள்ள பச்ச வட்டம், அசைவத்துக்கு பிரவுன் சதுரத்துக்குள்ள பிரவுன் முக்கோணம்.

பார்கோடு இன்னொரு கத. நல்ல கலர் சென்ஸ் இருக்கற பொண்ணு ஒருத்தி, பாக்கெட் முழுக்க செவப்பு வெள்ளை தீம் வெச்சு பார்கோடையும் செவப்பு கோடா மாத்தி வெச்சிருந்தா. பாக்க ரொம்ப அழகு. ஆனா கடை ஸ்கேனர் செவப்பு வெளிச்சத்துல படிக்குது, அந்த வெளிச்சத்துல செவப்பு கோடும் வெள்ளையும் ஒண்ணாதான் தெரியும், பில் போடற எடத்துல ஒண்ணும் வராது. இது கலர் தியரிதான். நீங்க அஞ்சு மார்க்குக்கு கேக்கற கலர் வீல் கேள்வியும் இதுவும் ஒரே பாடம். அந்தப் பொண்ணு கலர் வீல் வரைஞ்சு மார்க் வாங்கினவதான். வெளிச்சத்தோட நிறம் மாறுனா பொருளோட நிறம் மாறும்னு அவ படிச்ச பாடம் கடை கவுன்டர் வரைக்கும் வரல, அவ்ளோதான் வித்தியாசம்.

அச்சு சமாச்சாரமும் அதே நெலமைதான். ஓரத்துல வெட்டும்போது போறதுக்குன்னு 3 மில்லிமீட்டர் பிளீட் விடாம வர்ற ஃபைல், சின்ன தமிழ் எழுத்துக்கு நாலு கலரையும் கலந்து கறுப்பு போட்டு ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலர் பொருந்தறது, ஒரு முடி அளவு தள்ளுனாலும் எழுத்தெல்லாம் ரெட்டையா தெரியற ஃபைல், ஸ்கிரீனோட ஆர்ஜிபி கலர்ல பளபளன்னு இருக்கற நீலம் அச்சு மையோட சிஎம்ஒய்கேல ஊதாவாகி கஸ்டமர் சண்டைக்கு வர்றது. மல்டிகலர் வேலைய சிவகாசிக்கு அனுப்பிட்டு திரும்பி வர்ற பண்டல பிரிக்கும்போதுதான் இதெல்லாம் தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. படிக்கற காலத்துல ஒரே ஒரு வேலையாவது பிளேட் எடுத்து மெஷின்ல ஓடி கட்டிங் ஆகி கைக்கு வர்றத அவங்க பாத்திருக்கணும். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? டவுன் பஸ்ல போயிடலாம்.

சரி, இதெல்லாம் ஏன் நடக்குது? வாத்தியாருங்களுக்கு தெரியலன்னு சொல்றது சுலபம், நான் அப்படி சொல்ல மாட்டேன். எனக்கு தெரிஞ்ச லெக்சரருங்க பல பேரு சனிக்கிழம ஞாயித்துக்கிழமல ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, எங்கள மாதிரியே பிளேட் காசுக்கு அலைஞ்சவங்க. அவங்க கைய கட்டிப் போடறது பரீட்ச. மூணு மணி நேரம், எழுத்துத் தேர்வு, டிசைனோட தத்துவங்கள விளக்குக, லோகோவோட வகைகள விவரி, பிரிண்டிங் முறைகள பட்டியலிடு. அந்த பேப்பர்லதான் மார்க்கு. அப்ப வாத்தியார் என்ன நடத்துவாரு, புள்ள என்ன படிக்கும்? பிராக்டிகல்னு ஒண்ணு இருக்கு, ஒத்துக்கறேன், அதுல என்ன நடக்குதுன்னு உங்களுக்கும் தெரியும், ரெக்கார்டு நோட்டு, கலர் பிரிண்ட் ஒட்டி ஸ்பைரல் பைண்டிங், வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் ஒரு நாளைக்கு அறுபது பேர பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டு மூணு மணி பஸ்ஸ புடிக்கணும். ஃபைல தொறந்து லேயர்ல என்ன இருக்குன்னு பாக்க அவருக்கு நேரமே கெடையாது. சீனியரோட ரெக்கார்ட அட்டைய மாத்தி வெச்சு பாஸ் ஆனவங்க இருக்காங்க. அவங்களும் எங்கிட்ட இன்டர்வியூவுக்கு வந்திருக்காங்க.

சிலபஸ்ல சாஃப்ட்வேர் பேர எழுதறதும் இதோட சேந்ததுதான். ஒரு எடத்து சிலபஸ்ல ஃபிளாஷ்னு பழைய அனிமேஷன் சாஃப்ட்வேர் ஒரு முழு யூனிட்டா இருந்ததப் பாத்து ஆடிப்போயிட்டேன், அது 2020 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போன சாமான், இப்ப எந்த பிரவுசர்லயும் ஓடாது. பேஜ்மேக்கர் 7தான் கடைசி வெர்ஷன், அது வந்தது 2001ல, அதுக்கப்பறம் பொறந்த புள்ள இப்ப டிகிரியே முடிச்சாச்சு. தயவுசெஞ்சு இத படிச்சுட்டு அந்த எடத்துல இப்ப ஆப் ஸ்கிரீன் வடிவமைக்க யூஸ் பண்ற ஃபிக்மான்னு எழுதிட்டு மாடர்னாக்கிட்டோம்னு முடிச்சுடாதீங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல அதுவும் என்னாகும்னு யாருக்கு தெரியும், 2022ல 2,000 கோடி டாலருக்கு அத ஃபோட்டோஷாப் கம்பெனி அடோபி வாங்கப் போறதா அறிவிச்சு 2023 டிசம்பர்ல வேணாம்னு ரெண்டு பக்கமும் விட்டுட்டாங்க. சிலபஸ்ல எழுத வேண்டியது வேலையோட பேரு. பல பக்கம் உள்ள தமிழ் புத்தகம் ஒண்ண லேஅவுட் பண்ணத் தெரியணும், வெக்டர்ல படம் வரையத் தெரியணும், ஒரு ஆப்போட ஸ்கிரீன தொட்டு பாக்கற மாதிரி புரோட்டோடைப் பண்ணத் தெரியணும்னு எழுதுங்க. எந்த சாஃப்ட்வேர்ல பண்ணாலும் ஓகே. அப்படி எழுதுனா லைசென்ஸ் காசு இல்லாத காலேஜுகூட இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், கிருதா, பிளெண்டர்னு இலவசமா கெடைக்கறத வெச்சு நடத்திக்கும், இப்ப மாதிரி பூட்டி வெச்ச லேப்ல கிராக் வெர்ஷன் ஓட வேணாம். அந்த கிராக் விஷயத்த இதுக்கு மேல நான் பேசல.

உடனே ஒரு பதில் வரும், எனக்கே காதுல கேக்குது: யுனிவர்சிட்டிங்கறது ஐடிஐ இல்லப்பா, நாங்க சிந்திக்கறவங்கள உருவாக்கறோம், உன் கடைக்கு ஆபரேட்டர் சப்ளை பண்ற வேலை எங்களுது இல்ல. இதுல நான் பாதிக்கு மேல ஒத்துப்போறேன். வெறும் ஆபரேட்டர் வேணும்னா ஆறு மாச கோர்ஸ் போதும், நேரு வீதி மாடியில போர்டு தொங்குது. எனக்கு வேணுங்கறதும் யோசிக்கற ஆள்தான். 1958ல ஈம்ஸ் தம்பதின்னு அமெரிக்க டிசைனருங்க இந்திய அரசுக்கு ஒரு ரிப்போர்ட் குடுத்தாங்க, அத வெச்சுதான் 1961ல அகமதாபாத்ல தேசிய டிசைன் கல்லூரி என்ஐடி வந்துச்சு. அதுல அவங்க எடுத்துகிட்ட உதாரணம் நம்ம வீட்டு சொம்பு. எவ்ளோ தண்ணி புடிக்கும், இடுப்புல வெச்சா எப்படி இருக்கும், ஊத்தும்போது எப்படி சாயும், என்ன வெலை, உள்ள கழுவ சுலபமான்னு கேட்டுகிட்டே போறாங்க. தியரின்னா அதுதான். அந்த மாதிரி கேள்விய ஒரு பிட் நோட்டீஸ பாத்து, ஒரு ரேஷன் கார்ட பாத்து, ஜிப்மர்ல ஓபிக்கு வர்ற கிராமத்துக்காரர் எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நிக்கற வழிகாட்டி போர்ட பாத்து கேக்க சொல்லிக் குடுத்தா எனக்கு ஒரு பேச்சும் இல்ல. இப்ப இருக்கறது அந்தத் தியரியும் இல்ல, கைவேலையும் இல்ல. தத்துவங்கள விளக்குகன்னு கேட்டா, புள்ள மனப்பாடம் பண்ணி விளக்கிட்டு வந்துடுது.

தொழில் பக்கம் இருக்கற எங்க ஆளுங்களையும் விட்டுட முடியாது. இன்டர்ன்ஷிப்னு சொல்லி மாசக்கணக்குல சம்பளமில்லாம வேலை வாங்கறவங்க இருக்காங்க, ஃப்ரெஷர் வேணும் ஆனா ரெண்டு வருஷ அனுபவம் வேணும்னு விளம்பரம் போடறவங்க இருக்காங்க, கத்துக்குடுக்க நேரமில்ல ரெடியா வான்னு சொல்றவங்க இருக்காங்க. அதனால இண்டஸ்ட்ரி கேக்கறத அப்படியே சிலபஸ்ல எழுதுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். எங்க ஆளுங்க கேட்டா அடுத்த வாரத்துக்கு வேணுங்கறததான் கேப்பாங்க.

ஸ்கிரீன் பக்கம் இருக்கற வேலையப் பத்தியும் சொல்லணும், ஏன்னா பசங்க பாதிப் பேருக்கு மேல அங்கதான் போகப் போறாங்க. பாண்டியில வெளிநாட்டு புத்தகம், ஜர்னல் டைப்செட் பண்ற கம்பெனிங்க இருக்கு, நல்ல சம்பளத்துக்கு நிறைய பேர எடுக்கறாங்க. 2025 ஜூன் 28லேருந்து ஐரோப்பாவுல மாற்றுத்திறனாளிங்களும் யூஸ் பண்ண முடியணுங்கற அக்சசிபிலிட்டி சட்டம் நடைமுறைக்கு வந்துடுச்சு, இ-புக்கும் அதுல அடக்கம், ஒவ்வொரு படத்துக்கும் பார்வையில்லாதவங்களுக்கு புரியற மாதிரி விளக்கம் எழுதணும், தலைப்பு எது உள்தலைப்பு எதுன்னு ஃபைலுக்குள்ளயே குறிக்கணும். இந்த வேலை இங்க மேசைக்கு வந்து விழுந்துகிட்டு இருக்கு. எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1 கொறஞ்சபட்சம் இருக்கணுங்கற ஒரு சின்ன விஷயம், வெள்ளையில வெளிர் சாம்பல் எழுத்து போட்டா ஸ்டைலா இருக்கும்னு நெனைக்கற புள்ளைக்கு சொல்லிக் குடுத்தா போதும், அதுவே அதோட டிசைன மாத்திடும். இதுக்கு கம்ப்யூட்டர்கூட வேணாம், மத்தியான வெயில்ல பீச் ரோட்ல நின்னு போன்ல படிச்சுப் பாக்கச் சொல்லுங்க.

ஏஐ பத்தி எல்லாரும் கேக்கறாங்க. சுருக்கமா சொல்றேன். ஹெட்போன் விளம்பரமும் காபி லோகோவும் பண்ண இனி ஆள் வேணாம், அத ஏஐ பண்ணிடும், ஏற்கனவே பண்ணுது. அதுகிட்ட தமிழ் தலைப்பு கேட்டா இன்னமும் பல நேரம் எழுத்து மாதிரியே இருக்கற எழுத்தில்லாத ஒண்ண வரைஞ்சு குடுக்குது. நாளைக்கு அதுவும் சரியாகிடும். அப்பவும் மரச்செக்கு எண்ணெய்க்காரர் வாய்ஸ் நோட்ல பத்து நிமிஷம் பேசுனதுலேருந்து அவருக்கு என்னதான் வேணும்னு எடுக்கறதுக்கும், பாக்கெட்ல விதி மீறலன்னு கையெழுத்து போடறதுக்கும், வந்ததுல எது நல்லா இல்லன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் தேவ. அந்த ஆளத்தான் நீங்க உருவாக்கணும்.

காசு கணக்கும் ஒரு பேப்பரா வரணும். எஸ்டிமேட் போடத் தெரியாம, அட்வான்ஸ் கேக்கத் தெரியாம எத்தன பசங்க ஒரு லோகோவுக்கு இருவது கரெக்‌ஷன் பண்ணிக் குடுத்துட்டு பிரியாணியோட திரும்பி வந்திருக்காங்க. 1957 காப்பிரைட் சட்டம் 19வது பிரிவுப்படி உரிமைய மாத்திக் குடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், எத்தன வருஷத்துக்குன்னு எழுதலன்னா அஞ்சு வருஷம்னுதான் எடுத்துக்கணும். இது டிசைனருக்கும் தெரியாது, கஸ்டமருக்கும் தெரியாது. வருமான வரிக்காக டிடிஎஸ்னு முன்னாடியே புடிச்சுக்கற காசு ரிட்டர்ன் போட்டா வரவு வெச்சுக்கலாங்கறதே பல பேருக்கு நான் சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒரு காமர்ஸ் வாத்தியார வெச்சே இத நடத்திடலாமே, அவரு பக்கத்து பிளாக்லதானே இருக்காரு.

இப்ப நான் கேக்கறதுக்கு வர்றேன். கேக்கறது ஒண்ணுதான், கடைசி ரெண்டு செமஸ்டர்ல அந்த மூணு மணி நேர எழுத்துப் பேப்பர எடுத்துட்டு அந்த எடத்துல ஒரு வேலைய வைங்க. எப்படின்னா, முதல் நாள் காலைல புள்ளைக்கு ஒரு கவர் குடுக்கறீங்க. உள்ள ஒரு கடைக்காரர் எழுதுன மாதிரி தப்பும் தவறுமா தமிழ்ல ஒரு மேட்டர், பாதி பாமினி பாதி யூனிகோட், போன்ல எடுத்த ஒரு மங்கலான ஃபோட்டோ, ஜேபெக்ல ஒரு லோகோ, சைஸ், பட்ஜெட், எத்தன காப்பி. ரெண்டு நாள் டைம். நெட் பாக்கலாம், புத்தகம் பாக்கலாம், ஏஐகூட யூஸ் பண்ணலாம், எங்க யூஸ் பண்ணேன்னு எழுதிக் குடுக்கணும். முடிவுல பிரஸ்ஸுக்கு போற பிடிஎஃப் ஒண்ணு, அதே விஷயம் போன் ஸ்கிரீனுக்கு ஒண்ணு, ஏன் இப்படி பண்ணேன்னு தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ ஒரு பக்கம், கூடவே எஸ்டிமேட். மூணாவது நாள்லேருந்து ஒரு வாத்தியாரும், பிரஸ்லேருந்தோ ஸ்டுடியோலேருந்தோ ஒரு ஆளும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து ஃபைல தொறந்து கால் மணி நேரம் கேள்வி கேக்கணும். எழுத்துப்பிழைக்கு மார்க் கொறையணும், பேருக்கு முன்னாடி இனிஷியல் மாறியிருந்தா நல்லா கொறையணும், கல்யாணப் பத்திரிக்கையில அது நடந்தா என்னாகும்னு எங்களுக்குத்தான் தெரியும். அழகுக்கும் மார்க் இருக்கட்டும், ஆனா அது ஒரு பங்குதான்.

இதுக்கு ஆள் எங்க கெடைக்கும்னு கேப்பீங்க. 2022ல யுஜிசியே புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ்னு வழிமுறை போட்டிருக்கு, தொழில்ல 15 வருஷ அனுபவம் இருந்தா போதும், பிஎச்டி வேணாம், அனுமதிச்ச பணியிடத்துல 10 சதவீதம் வரைக்கும் எடுத்துக்கலாம். நம்ம பக்கம் அதுல எத்தன போர்டு எழுதற ஓவியர், அச்சுக்கு முன்னாடி ஃபைல தயார் பண்ற எத்தன பிரீபிரஸ் ஆளு, எத்தன பேக்கேஜிங் ஆளு வந்திருக்காங்க? முத்தியால்பேட்டையில, மஞ்சக்குப்பத்துல கையால போர்டு எழுதற பெரியவங்க இன்னும் இருக்காங்க, ஃப்ளெக்ஸ் வந்து அவங்க பொழப்ப எடுத்துடுச்சு, ஆனா ஒரு தமிழ் எழுத்த பத்தடி ஒயரத்துல நிறுத்தற கணக்கு அவங்க கையிலதான் இருக்கு. ஒரு செமஸ்டர் அவங்கள கூப்ட்டு உக்கார வைங்க.

அறுபது பேருக்கு கால் மணி நேரம்னா பதினஞ்சு மணி நேரம், மூணு நாள் ஆகும், எக்ஸாம் செல் ஒத்துக்காதுன்னு அடுத்தது சொல்வீங்க. ஆகும்தான். ஒவ்வொரு காலேஜுக்கும் ரெண்டு பேனல் போட்டா ஒன்றரை நாள். பேப்பர் திருத்தற செலவு மிச்சம். மொதல்ல ஒரே ஒரு காலேஜ்ல, ஒரே ஒரு பேப்பருக்கு, பண்ணிப் பாருங்க. தன்னாட்சி (அட்டானமஸ்) காலேஜுங்களுக்கு உங்க அனுமதிக்காக காத்திருக்கவே வேணாம், அவங்களே பண்ணலாம்.

எங்க பக்கத்துலேருந்து நான் குடுக்க முடியறத சொல்றேன். பேர் வந்த, பேர் வராத பழைய வேலை ஃபைலுங்க, கஸ்டமர் பேர எடுத்துட்டு, கேள்வி கவர் தயார் பண்றதுக்கு தர்றேன், பிரஸ்ஸுல திருப்பி அனுப்புன ஃபைலும் அதுல இருக்கும், அதுதான் நல்ல கேள்வித்தாள். பேனல்ல உக்கார நானும் வர்றேன், இன்னும் நாலஞ்சு பேர பாண்டியிலயும் கடலூர்லயும் பேசி வெச்சிருக்கேன், யாரும் ஏசி ரூம் கேக்கல, டிஏ கேக்கல. அடுத்த போர்டு மீட்டிங் எந்த தேதின்னு சொல்லுங்க, முகூர்த்த நாளா மட்டும் இல்லாம பாத்துக்குங்க, அன்னைக்கு கடைய விட்டு நகர முடியாது.

இப்படிக்கு,
மிஷன் வீதி பக்கத்து டிசைன் கடைக்காரன்,
புதுச்சேரி.